ஏலத்துக்குப் போன உன் நோட்டு

என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் சிட்டுக்குருவி இருக்கிறது. தலையைத் தட்டினால் கத்தும். உள்ளூர்ப் பறவைகளைக் காப்பாற்ற நிதி திரட்டுகிறோம் என்று பெரம்பலூரில் விருந்தும் ஏலமும் நடத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இதைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நீ இருந்திருந்தால் ஜன்னல் வழியாக வீசியிருப்பாய். உன் நோட்டை அவர்களிடம் கொடுத்தவன் நான்தான் என்று தெரிந்தால் என்னையும் சேர்த்தே வீசியிருப்பாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி அதை அரியலூரில் என் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்தார். "எனக்கு ஒண்ணும் புரியலண்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்றார். எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதிய அதே கோழிக்கிறுக்கல். வெட்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் கொம்பன் ஆந்தை எங்கே முட்டையிட்டது, எத்தனை குஞ்சு பறந்தது என்று வழி வரைந்து எழுதியிருந்தாய்.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாய். எந்த ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினோம் என்பதை உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன். குழியின் விளிம்பில் குப்புறப் படுத்தோம். எதிர்ச்சுவர்ப் பொந்திலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கண்கள் நம்மை முறைத்தன. நான் போனை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டாய். "மாந்திரீகத்துக்குன்னு இதப் புடிக்க ஆளுங்க அலையிறாங்க. எடத்தச் சொன்னா நாமளே புடிச்சுக் குடுத்த மாதிரிடா." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைக்கு நிஜமாகத்தான் சொன்னேன்.

விழாக்காரர்கள் கடைக்கு வந்து, "உங்க நண்பருக்கு மரியாதை பண்றோம் சார். நோட்டக் கண்ணாடிப் பெட்டியில வச்சிட்டுத் திருப்பித் தந்துடறோம். நீங்க மேடையில உக்காரணும்" என்றார்கள். மேடை என்றதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் போய் இறங்கினேன்.

மண்டப வாசலில் வெளிநாட்டுக் கிளி ஒன்றைத் தோளில் வைத்துப் படமெடுக்க வரிசை நின்றது. உள்ளே பந்தியில் காடை வறுவல். பக்கத்து இலைக்காரர் எலும்பைச் சப்பிக்கொண்டே, "பறவைங்க இல்லாத ஒலகத்த நெனச்சுப் பாருங்க சார்" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவர் இலையைப் பார்த்தேன். நினைத்துப் பார்ப்பது சிரமமாகவே இல்லை.

சாப்பாடு முடிந்து ஏலம். ஒரு பித்தளை மயில் போனதும் உன் நோட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். "ஆந்தை ரகசியம்! கூடு எங்க இருக்குன்னு மேப்போட இருக்குங்க. எடுக்கறவங்க நேர்லயே போய்ப் பாக்கலாம்" என்று கூவினாள் தொகுப்பாளினி. கைகள் உயர்ந்தன. கடைசியில் ஜெயங்கொண்டத்து நகைக்கடைக்காரர் ஒருவர் எடுத்தார். அதை அவர் கையில் கொடுக்க என்னையே அழைத்தார்கள்.

நோட்டைக் கையில் வாங்கினேன். வழி வரைந்திருந்த தாள்களை மைக் முன்னாலேயே கிழித்துச் சட்டைப் பையில் திணித்தேன். "என்ன சார் இது, டேமேஜ் பண்ணிட்டீங்களே!" என்று விழாக்காரர் பதறினார். நகைக்கடைக்காரர் சிரித்தார். "பரவால்ல விடுங்க. ஷோரூம்ல மூடித்தான வைக்கப்போறேன், உள்ள என்ன இருந்தா என்ன?" எல்லாரும் கைதட்டினார்கள். பறவைகளுக்காகக் காலையிலிருந்து கண்கலங்கிய அந்தக் கூட்டத்தில், கிழித்த தாளில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களைக் காறித்துப்ப எனக்கு மட்டும் என்ன யோக்கியதை?

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள்களை எரித்துவிட்டேன். நீ வருடக்கணக்காக முள்ளில் கிழிபட்டு எழுதியது. மன்னித்துவிடு. பத்திரமாக வைத்திருக்கலாம்தான், ஆனால் நாளைக்கே வேறொருவன் வந்து நாற்காலி போட்டுச் சால்வை காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது அந்த வழி என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்த விழாவில் என்னைப் பார்த்தவர்கள் கடைக்கு வந்து, "கொம்பன் ஆந்தையப் பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்கிறார்கள். முகத்துக்கு நேரே, "நான் எங்கங்க பாத்தேன்" என்கிறேன்.