பதினேழாவது வாக்கியம்

இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் முகம் பார்த்திராத ஒரு பெண், ஏதோ பனி பெய்யும் தேசத்தில் படித்துக்கொண்டிருப்பவள், மூன்றே வரி எழுதியிருந்தாள். உங்கள் பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்த பதினேழாவது வாக்கியம் நேற்று தேறிவிட்டது. தமிழிலும் உருதிலும் சரியாக வருகிறது. இவ்வளவு காலம் ஆனதற்கு மன்னியுங்கள். பாவம், அவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்? கேட்டிருக்க வேண்டியவள் நான். அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல், பீரோ மேலிருந்த ஷூ பெட்டியை இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் அந்த வாடை. தோலும் பசையும் கலந்த, நாம் வேலை பார்த்த ஷூ பாக்டரி இரண்டாம் மாடியின் வாடை. இத்தனை வருஷம் ஆகியும் போகவில்லை. உள்ளே, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள்கள் பழுப்பேறிக் கிடந்தன. அவற்றின் மேல் உன் கைவேலையில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஷூவில் கீறலோ தையல் விட்ட இடமோ இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட செக்கிங் பெண்கள் ஒட்டுவார்களே, அந்த அம்புகளில் ஒன்று. நீ அவற்றைக் கொண்டுவந்து வாக்கியங்களின் மேல் ஒட்டினாய். உலகத்தில் வேறு எவரும் இலக்கணத்தை இப்படித் திருத்தியிருக்க மாட்டார்கள்.

நாம் பழகத் தொடங்கியது தொண்ணூறுகளின் கடைசியில். நான் ஆம்பூர்க்காரி, ஆபீஸ் அறையில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிறவள். நீ வாணியம்பாடியிலிருந்து கம்பெனி வேனில் வந்து, நாள் முழுக்க நின்றபடியே முடிந்த ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள். சாப்பாட்டு அறையில் என் எதிரே உட்கார்ந்தாய். நான் எலுமிச்சை சாதத்தை ஒரு கையால் அள்ளிக்கொண்டே, வீணான தாளின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். நீ கேட்காமலே தாளை உன் பக்கம் திருப்பிப் படித்தாய். 'பூனை கறுப்பாக இருக்கிறது. அந்தப் பெண் ஒரு சிவப்பு வீட்டை வாங்குகிறாள்.'

"இன்னாடி இது, யார் வூட்ல இப்டி பேசுறாங்க?" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அவ்வளவு போதும் என்பது உனக்குத் தெரியும்.

கோபத்தோடுதான் விளக்கினேன். பல தேசங்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள். அவரவர் மொழியின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் விதிகளாக எழுதி ஒரே இடத்தில் வைக்கிறார்கள். ஒரு விஷயத்தை ஒரு தடவை கொடுத்தால், கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு மொழியிலும் வாக்கியமாகச் சொல்லிவிடும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், பூட்டு கிடையாது. அதில் தமிழ் இல்லை. நான் எழுதிப் பார்க்கிறேன். நீ ரொட்டியைக் கிழித்துக் கத்திரிக்காயில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்ததும், "உருது இருக்கா?" என்றாய். இருந்தது, ஆனால் பாதியில் நின்றது, புத்தகத்து உருது. "அப்ப எங்க அம்மி பேசறது?" என்றாய். அம்மி என்றால் உன் அம்மா, வீட்டில் பேசுகிற உருது. தாளின் ஓரத்தில் அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. நான் கோயில் முடிந்து பைபிளும் கையுமாக வருவேன். நீ வாணியம்பாடி பஸ்ஸில் வந்து பஜார் முனையில் நிற்பாய். கம்ப்யூட்டர் கிளாஸ் என்று வீட்டில் சொல்லியிருந்தாய். அது முழுப் பொய்யும் இல்லை. பிரவுசிங் சென்டரின் மூலையில் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்காருவோம். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தும் இல்லை, உருது எழுத்தும் இல்லை. இரண்டையும் ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். அடித்ததைப் பிளாப்பியில் ஏற்றி, லைன் கிடைக்கும்போது அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் உண்டாக்கிய வாக்கியங்களைத் தாளில் எடுத்துக்கொள்வோம். அந்தத் தாள்களை நீ வீட்டுக்குக் கொண்டுபோவாய். திங்கட்கிழமை மதியம் சிவப்பு அம்புகளோடு திரும்பி வரும். நான் பார்த்து முடித்ததும் நீயே அவற்றை வீட்டில் எடுத்து வைத்துக்கொள்வாய்.

விதி எழுதத் தெரியாது என்று நீ சொல்வாய். ஆனால் எது பேச்சு, எது பேச்சு இல்லை என்று உனக்குத் தெரிந்த மாதிரி எனக்குத் தெரியாது. ஷூவைத் தடவிப் பார்க்கும் அதே முகத்தோடு வாக்கியத்தை வாய்க்குள் முணுமுணுப்பாய். "இது செத்துப் போச்சு," என்பாய். ஏன் என்று கேட்டால், "ஏன்னு பாக்கறது உன் வேல," என்பாய். எத்தனை நாள் உன்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். மறுநாள் உட்கார்ந்து பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும்.

பூனையும் சிவப்பு வீடும் உனக்குப் போதவில்லை. நிஜமாக யாராவது சொன்னதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றாய். வேனிலும் தையல் லைனிலும் கேட்டதையெல்லாம் செக்கிங் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்தாய். 'கை வலிக்குதுன்னு யார்கிட்ட சொல்றது.' 'அவரு சிரிச்சாதான் எனக்கு பயமா இருக்கு.' அது நம் சூப்பர்வைசரைப் பற்றி; எழுதும்போது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். பதினேழாவது உன் அம்மியுடையது. உங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எந்த நாள் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. மதியம் கண்ணயரும்போது உன் அம்மி சொல்வாராம்: 'பானி ஆயா தோச் மேரேகு உட்டாவ்.' தமிழில் நீயே சொன்னாய்: 'தண்ணி வந்தா மட்டும் என்னை எழுப்பு.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இப்படி இரண்டு மொழி. மொத்தம் நாற்பத்தொன்று சேர்ந்தது. என் இலக்கணத்தால் அவற்றில் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நாற்பத்தொன்றிலும் அம்பு.

அந்த நேரத்தில்தான் அந்தப் பல தேசத்து ஆட்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. அடுத்த வெளியீட்டில் தமிழும், பாதியில் நின்றிருந்த உருதும் முதன்முறையாகச் சேரும். ஒவ்வொரு மொழிக்காரரும் சோதனை வாக்கியங்களில் எவை தேறின, எவை தேறவில்லை என்று அனுப்ப வேண்டும். அதே வாரம் பாக்டரிக்கு, நம் ஷூக்களை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வருவதாக இருந்தது. அப்படி ஆள் வந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். அம்பு ஒட்டிய ஜோடிகளையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுவோம். அன்று ஆபீஸ் ஆட்களையும் கூப்பிட்டார்கள். நானும் தூக்கினேன், நானும் மூடினேன். வந்தவர் நல்ல ஜோடிகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதே கையோடு, அன்று சாயங்காலம் தனியாக சென்டருக்குப் போய், உன் நாற்பத்தொரு வாக்கியங்களையும் பட்டியலிலிருந்து அழித்தேன். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஆள் வரும்போது ரிஜெக்ட்டை முன்னால் வைப்பார்களா? வருஷக்கணக்காக அந்தப் பாக்டரியில் நான் கற்றது அதுதான். அந்தப் பிளாப்பியின் மேலேயே புதுப் பட்டியலை ஏற்றினேன். பூனையும் சிவப்பு வீடும் எல்லாம் தேறிவிட்டன. யார் யாரோ பாராட்டி எழுதினார்கள். பட்டியலையும் பாராட்டையும் ஒரு தாளில் எடுத்து, பெருமை தாங்காமல் உன் டிபன் டப்பா பக்கத்தில் வைத்தேன்.

நீ நிதானமாகக் கடைசி வரிவரைக்கும் படித்தாய். "எங்க வாக்கியம் எங்கடி?" என்று கேட்டாய்.

ஒன்றும் தேறவில்லை, அதனால் எடுத்துவிட்டேன், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். பையர் வரும்போது நாம் செய்வதில்லையா என்றும் சொன்னேன்.

நீ குரலை உயர்த்தவே இல்லை. "ஷூ சரியில்லன்னா ஷூவ தள்ளுவோம். கால தள்ளுவியா?"

ஷூ என் இலக்கணம், கால் உங்கள் பேச்சு; இன்றைக்குவரை யாரும் எனக்கு இதைவிடச் சரியாக எதையும் சொன்னதில்லை. ஆனால் அன்று எனக்கு ரோஷம்தான் வந்தது. நாலு பேர் பாராட்டினது உனக்குப் பொறுக்கவில்லை என்றேன். உன்னைப் பார்த்து அப்படிச் சொன்னேன். நீ டப்பாவை மூடி எழுந்துபோனாய். அந்தத் தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பஜார் முனையில் நீ இல்லை. நானும் உன்னைத் தேடி வரவில்லை. படிக்கட்டில் பார்த்தால் தலையை அசைப்போம், அவ்வளவுதான். வாக்கியங்களைத் திரும்பச் சேர்க்கலாம் என்று ஒருநாள் நினைத்தபோது என்னிடம் அவை இல்லை. பிளாப்பியில் நானே அழித்துவிட்டேன், அம்பு ஒட்டிய தாள்கள் உன் வீட்டில். உன்னிடம் கேட்டால் போதும். கேட்க வாய் வரவில்லை. எவ்வளவு சின்ன விஷயத்துக்கு மனுஷி எவ்வளவு பெரிதாக வீம்பு பிடிக்கிறாள் பார்.

பிறகு ஒருநாள் வேனில் நீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டிரைவர்தான் சொன்னார், மஞ்சக்காமாலை ரொம்ப ஜாஸ்தியாம், ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று. அந்த ஞாயிறே வந்தேன். உன் வீட்டுக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை. நான் யார் என்று உன் அம்மி கேட்கவில்லை, பார்த்ததும் தெரிந்துகொண்டார். நீ சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் பின்னல் மட்டும் தெரிந்தது.

"எழுப்பட்டுமா பேட்டா? நீ வந்தா மட்டும் எழுப்பச் சொல்லியிருக்கா," என்றார் உன் அம்மி.

வேண்டாம் என்றேன். தூங்கட்டும் அம்மி, அடுத்த ஞாயிறு வர்றேன் என்றேன். உடம்பு முடியாதவளை எழுப்பக் கூடாது என்ற நல்லெண்ணம் என்றுதான் ரொம்ப நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தால் என்ன சொல்வது என்று பயந்தேன். நீ தூங்கியது எனக்கு வசதியாக இருந்தது. டீயை வேகமாகக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனபோது உன் அம்மி இந்தப் பெட்டியைக் கொடுத்தார். என்னிடம் சேர்க்கச் சொல்லி நீ எடுத்து வைத்திருந்தாயாம். மேலாக இருந்தது, நான் பெருமையாகக் கொண்டுவந்த அந்தத் தாள். அதன் பின்பக்கத்தில் நாற்பத்தொரு வாக்கியங்களையும் இரண்டு மொழியிலும், எண் போட்டு, உன் சாய்ந்த கையெழுத்தில் ஆங்கில எழுத்தாகவே எழுதியிருந்தாய். நான் அப்படியே பார்த்து அடிக்க வசதியாக. சண்டை போட்டுக்கொண்டே எனக்காக இதை எழுதியிருக்கிறாய். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் அம்மிதான் என்னைத் தேற்ற வேண்டியிருந்தது, அவருக்கு ஆறுதல் சொல்லப்போன என்னை.

அடுத்த நாளே நாற்பத்தொன்றையும் பட்டியலில் திரும்பச் சேர்த்தேன். எல்லோருக்கும் எழுதினேன்: தேறாதவற்றை ஒளித்துவைத்து அனுப்பினேன், என் மொழிகள் நான் சொன்ன அளவுக்குத் தயாராக இல்லை. தமிழை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. தேறாத வாக்கியங்கள்தான் எங்களுக்கு வேண்டும், எங்கே பழுது என்று அவைதான் காட்டும், இவற்றைச் சேகரித்தது யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். கோப்பின் முதல் வரியில் உன் பெயரைப் போட்டேன். இன்றும் இருக்கிறது. முழுப் பெயர், ஊரோடு.

அப்புறம் வருஷங்கள். பாக்டரி வேலையை விட்டேன். வேலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறேன். பிளாப்பி போய், வீட்டிலேயே இன்டர்நெட் வந்து, தமிழைத் தமிழிலேயே அடிக்கும் காலமும் வந்துவிட்டது. உன் வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் தேறின. சிலதை நான் சரிசெய்தேன், சிலதை வாணியம்பாடி எந்தத் திசை என்றுகூடத் தெரியாதவர்கள் சரிசெய்தார்கள். ஒன்று தேறும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து அந்த அம்பை உரித்துப் போடுவேன். பதினேழு மட்டும் மசியவில்லை. நானும் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். முடியாமல் விட்டேனா மனமில்லாமல் விட்டேனா, தெரியவில்லை.

மத்தியானம் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பதினேழைக் கொடுத்துப் பார்த்தேன். தண்ணீர் வந்தால் மட்டும் என்னை எழுப்பு. சரியாக வந்தது, உன் அம்மி பேசுகிற மாதிரியே உருதும் வந்தது. ஓர் இலக்கணம் நன்றாக அமைந்துவிட்டால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தாலும் தாங்கும். தண்ணீரை எடுத்துவிட்டுத் தோழி என்று வைத்தேன். தோழி வந்தால் மட்டும் என்னை எழுப்பு. திரையில் வரிசையாக வந்துகொண்டே இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளிலெல்லாம். அன்று அம்மியிடம் சொல்லி வைத்ததையே அத்தனை மொழியிலும் நீ என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

கடைசி அம்பை நகத்தால் மெதுவாக உரித்தேன். பசை காய்ந்திருந்தாலும் கிழியாமல் வந்தது. மற்றவற்றைப் போலத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டி, மேலே கொஞ்சம் டேப்பும் போட்டிருக்கிறேன். அதன் முனை நான் உட்காரும் பக்கம் பார்த்திருக்கிறது.