சிவப்புக் காருக்கு வழிவிட்டவர்கள்

என்னங்க,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். கார் வாங்கியாச்சு. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சின்னச் சிவப்புக் கார். லிந்துலை டவுனிலிருந்து நானே ஓட்டி வந்தேன். ஏழு மாத வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காதா என்று கேட்காதீர்கள். இடிக்கவில்லை.

தோட்டத்து ரோட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள், ஹார்ன் சத்தம் கேட்டதும் தோட்டத் துரையின் வண்டி என்று நினைத்து, வழக்கம்போல ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கித் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களில் உங்கள் அம்மாவும் ஒருவர். கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க அத்தே" என்றேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"சீமை வண்டியா புள்ள?"

"இந்தியா வண்டி அத்தே."

"அப்ப நம்ம ஆளுதான்" என்று செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் பெரட்டுக் களத்து வளைவில், நம்மை வேலை ஏவும் கண்டாக்கையா எதிரே நடந்து வந்தார். போன பிரசவத்துக்குத் தோட்டத்து லொறியைக் கேட்டு நாம் கும்பிட்டு நின்றோமே, அதே ஐயாதான். லொறி பிந்தி வந்து சேர்வதற்குள் நம் பிள்ளைக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஹார்ன் அடித்ததும் அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கானுக்குள் இறங்கிவிட்டார்! அத்தை தலையை வெளியே நீட்டி, "நாங்கதாங்கையா, மேல ஏறி வாங்க" என்றார். நம்ம லயத்து வீடு வரைக்கும் சிரித்தோம்.

பின் சீட்டில் மெத்தை விரித்துப் படுத்துப் பார்த்தேன். வசதியாக இருக்கிறது. வலி வரும் அன்றைக்கு ஓட்ட உங்கள் தம்பி இருக்கிறார். இந்தப் பிள்ளை யாருடைய லொறிக்காகவும் காத்திருக்காது.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்