பழுது பார்த்தால் போதும்

மேலச்செம்பூரணி,
அரிமளம் வழி.
17.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செவந்தி எழுதுவது. நானும் இனியா அப்பாவும் பிள்ளையும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? ஆடிக்குச் சாமி கும்பிட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்துவிட்டாய். சென்னைக்காரி, எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? சரி, சண்டை போட இதை எழுதவில்லை.

நேற்றுப் போனில் ஆரம்பித்தேன். "இதெல்லாம் போன்ல பேசாத, எழுதிப் போடு" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் சொர்ணம் டீச்சர் பள்ளிக்கூடத்தைத் திறந்தால், மேல்தளத்துக் காரை பெயர்ந்து கீழே கிடக்கிறது. தோசைக்கல் அகலம் இருக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. விரிசல் ஹாலின் நடுவே நீளமாக ஓடுகிறது. உனக்குத்தான் தெரியுமே, நம்ம பள்ளிக்கூடத்துக்கு அந்த ஒரு ஹால்தான். காரை விழுந்தது எங்கே தெரியுமா? இனியா உட்காரும் இடத்தில். லீவு நாளாகப் போனதால் பிழைத்தோம். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா.

இந்த வருசம் பெற்றோர்கள் சேர்ந்து என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கிவிட்டார்கள். நாங்கள் எழுதும் தீர்மானம்தான் சென்னைக்குப் போகுமாம். "இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும்" என்று எழுதலாம், அல்லது "பழுது பார்த்தால் போதும்" என்று எழுதலாம். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதலில் பணம் என்று முடிவு செய்கிற குழுவில் நீ உட்கார்ந்திருக்கிறாய். நீ சொல்லு, எதை எழுத?

உன் தங்கை,
செவந்தி

*

சென்னை,
21.9.2025

அன்புத் தங்கை செவந்திக்கு,

கடிதம் கண்டு நெஞ்சு பதறிவிட்டது. இனியாவுக்கு என் முத்தங்கள். ஆடிக்கு வராதது தப்புதான், தைக்குக் கட்டாயம் வருவேன்.

நான் சொல்வது உன்னோடு இருக்கட்டும். முன்னுரிமை விதிகளின் வரைவு எங்கள் கையில் இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. இருபது பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளி "இடிக்க வேண்டும்" என்று கேட்டால், இடிப்பார்கள். திரும்பக் கட்ட மாட்டார்கள். பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். உங்களிடம் இருப்பது பத்தொன்பது பேர். பக்கத்துப் பள்ளி என்றால் பைபாஸ் ரோட்டைத் தாண்டி நான்கு கிலோமீட்டர். லாரி போகிற வேகத்தில் ஆறு வயதுப் பிள்ளை அதைத் தாண்டுமா?

அதனால் "பழுது பார்த்தால் போதும்" என்றே எழுது. அந்தப் பட்டியலுக்கு முதலில் பணம் வரும். தீபாவளிக்கு முன்னால் கொத்தனார் வந்துவிடுவார். நாம் இருவரும் அ, ஆ படித்த இடம் அது. பூட்ட விடுவேனா? பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
அமுதவல்லி

*

மேலச்செம்பூரணி,
9.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே எழுதியாயிற்று. கூட்டத்தில் வெள்ளைச்சாமி அண்ணன் மட்டும் எழுந்து நின்றுகொண்டார். "ஏத்தா செவந்தி, கம்பி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிது. பூசி மெழுகினாப் போதும்னு யாரு ஒனக்குச் சொன்னது?" என்று கேட்டார். "தெரிஞ்ச எடத்துல விசாரிச்சுட்டேண்ணே, கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் போட்டார்கள். அழகிக்கு எழுதப் படிக்க வராது, "நீ சொன்னாச் சரிதான்டி" என்று கைநாட்டு வைத்தாள்.

பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் மழையும் பிடித்துக்கொண்டது. ஹாலின் தெற்குப் பக்கம் ஒழுகுகிறது. ஒழுகாத இடமெல்லாம் விரிசலுக்குக் கீழேதான் இருக்கிறது. வாசலோரம் மட்டும் ரெண்டும் இல்லை, ஆனால் அங்கே நாலு பிள்ளைகள்தான் உட்காரலாம்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே. இனியாவுக்குச் சளி, காற்றோட்டமாக உட்காரட்டும் என்று டீச்சரிடம் பொய் சொல்லி அவளை வாசலோரத்துக்கு மாற்றிவிட்டேன். அவள் இடத்தில் இப்போது அழகி மகள் காவ்யா உட்காருகிறது. கடலைக்காட்டில் அழகியும் நானும் ஒரே வரிசையில் களை எடுக்கிறோம். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தூறல் விழுந்தால் களை எடுப்பதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கொத்தனார் எப்போது வருவார் அக்கா?

செவந்தி

*

சென்னை,
16.10.2025

அன்புள்ள செவந்திக்கு,

கொஞ்சம் பொறுத்துக்கொள். நேற்றுக் கூட்டத்தில் பழுது பார்க்கும் பணத்தை டிசம்பருக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டுதான் முதலில் என்று எட்டுப் பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று தூக்கியது நானும் இன்னொருவரும்தான். "மேடம் ஏன் அரிமளத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்று தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ஃபைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள் எந்தெந்தப் பள்ளிக் குழுவில் இருக்கிறார்கள் என்று முதலிலேயே எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் உன் பெயரைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நம் ஊர்ப் பேச்சு வரும்போது வாயைத் திறக்க விடமாட்டார்கள். இப்போது நீ தீர்மானத்தை மாற்றினால், ஏன் மாறியது, யார் சொன்னது என்று தோண்டுவார்கள். இருபத்தாறு வருட உத்தியோகம் செவந்தி. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது.

காரை உதிர்வது எல்லாப் பழைய கட்டடத்திலும் உள்ளதுதான். டிசம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு. இந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு.

அமுதவல்லி

*

மேலச்செம்பூரணி,
30.10.2025

அக்கா,

கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி.

திங்கட்கிழமை காலையிலிருந்து விடாத மழை. குடை கொடுக்கிற சாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலோரத்தில் இனியாவைக் காணோம். நடு ஹாலில், அந்த விரிசலுக்கு நேர் கீழே, காவ்யாவோடு ஒரே பலகையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இங்க எதுக்குடி வந்த?" என்று கத்திவிட்டேன். "காவ்யாவுக்கு மேல பாத்தாப் பயமா இருக்காம்மா. அதான் நான் தொணைக்கு ஒக்காந்திருக்கேன். தெனமும் இங்கதான் ஒக்காருறேன்" என்கிறாள்.

தினமும் அக்கா. அவள் வாசலோரத்தில் இருக்கிறாள் என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கிய அத்தனை நாளும். என் வயிற்றில் பிறந்ததற்கு இருக்கிற ஈரம் எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பத்தொன்பது பிள்ளைகளையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்து, டீச்சரைப் பூட்டச் சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பாடம் நடக்கிறது.

நேற்றுக் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இனியாவை இடம் மாற்றியதையும் சொன்னேன். அழகி எழுந்து போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை. வெள்ளைச்சாமி அண்ணன், "அப்ப ஒங்க அக்காதான் சொல்லிக் குடுத்தது. பேரை எழுது" என்றார். நான் விடவில்லை. "முன்னுரிமைக் குழுவில் ஒருவர் சொன்னதால் முதலில் தவறாக எழுதினோம். கட்டடத்தை இடிக்க வேண்டும். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இங்கேயே வேண்டும். பைபாஸ் ரோட்டைத் தாண்டப் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிட்டோம்.

தளம் இன்றுவரை விழவில்லை. "விழுகாத கூரைக்காகப் பள்ளிக்கூடத்தையே தூக்கிக் குடுத்துட்டோமோ?" என்று அண்ணன் கேட்கிறார்.

நீ பயந்துபோய் இருப்பாய் என்று தெரியும். நான் மட்டும் என்ன, பயத்தில்தான் அந்தப் பாவத்தைச் செய்தேன். ஆனால் இனிமேல் உன்னால்தான் ஆகும். கூட்டத்தில் எழுந்து, "அது என் தங்கை ஊர், நான்தான் அப்படி எழுதச் சொன்னேன், அந்த இருபது கணக்கை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு தடவை சொல்லிவிடு. உத்தியோகத்துக்கு ஏதாவது வந்தால் இங்கே வந்து எங்களோடு இரு. கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பதில் போடு அக்கா.

செவந்தி

*

அனுப்புநர்
அ. அமுதவல்லி,
உறுப்பினர், பள்ளிக் கட்டட நிதி முன்னுரிமைக் குழு,
சென்னை.

பெறுநர்
திருமதி நா. செவந்தி,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
மேலச்செம்பூரணி.

நாள்: 14.11.2025

அம்மையீர்,

தங்கள் குழுவின் 29.10.2025 நாளிட்ட தீர்மானம் பெறப்பட்டது.

மாணவர் எண்ணிக்கை இருபதுக்குக் குறைவாக உள்ளதால், தங்கள் பள்ளியை அருகிலுள்ள பள்ளியுடன் 1.12.2025 முதல் இணைக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. இப்பரிந்துரையில் உறுப்பினர் அனைவரும் கையொப்பமிட்டுள்ளோம். சாலையைக் கடப்பது குறித்த தங்கள் அச்சம் உரிய துறையின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

உறுப்பினர் ஒருவர் கூறியதன்பேரில் முதலில் தவறாக எழுதியதாகத் தங்கள் தீர்மானம் கூறுவது குறித்து, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் விளக்கம் கோரப்பட்டது. என்னளவில், தங்களுக்கும் எனக்கும் இடையே கடிதமோ பேச்சோ எக்காலத்திலும் நடைபெறவில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் குழுவைச் சேர்ந்த எவருடனும் எனக்கு உறவுமுறை ஏதும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அ. அமுதவல்லி