இன்னும் ஆறு வளைவு

ஜமுனாமரத்தூர்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரெனி அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும்தான் ஓயவில்லை. நீங்கள் பெங்களூரு போன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று எனக்குக் கோபம் உண்டு. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

போன மாதம் ஜீப் ஸ்டாண்டில், டிசம்பரிலிருந்து நின்றுகிடந்த கம்ப்யூட்டரைப் பழுது பார்த்து, ஜெஸ்வின் அண்ணன் எழுதிய புரோகிராமை மறுபடி ஓடவிட்டோம். கீழேயிருந்து மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் "வர்றேன்" என்று மெசேஜ் அனுப்பினால், "இன்னார் வருகிறார், இன்னும் இத்தனை வளைவு" என்று மைக்கில் சொல்லுமே, அதேதான். குரலும் அண்ணன் அன்றைக்குப் பதிந்து வைத்ததே.

நேற்று சந்தை. மாலை ஆறு மணிக்கு அவர் குரலிலேயே சொன்னது: "ஜெஸ்வின் வருகிறார். இன்னும் ஆறு வளைவு." போன சந்தைக்கு ஏழு. அதற்கு முந்தின சந்தைக்கு எட்டு.

அண்ணனை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. நானும்தான் ஒரு பிடி மண் போட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நீங்களும் அவரோடு சேர்ந்து எழுதிய புரோகிராம்தானே, என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள். ஸ்டாண்டு போனுக்கு வரும் மெசேஜை எல்லாம் அது படித்துவிடும், அதனால் தபாலிலேயே எழுதுங்கள்.

வர்றேன் அக்கா,
வடிவு


பெங்களூரு
12 ஆகஸ்ட் 2025

அன்பு வடிவு,

பேய்க்கும் பிழைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தது யார்? பயப்படாதே. ஏறுகிறவரின் போன் சிக்னல் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு வளைவைக் கழித்துக்கொள் என்று நான்தான் எழுதினேன். முன்பு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடியது. நீ சந்தை நாளில் மட்டும் ஓடும்படி மாற்றியிருப்பாய். அதனால்தான் வாரத்துக்கு ஒரு வளைவு.

எதையும் அழித்துவிடாதே. முதலில் முழுக் கோப்பையும் நகல் எடுத்து, பெயரில் தேதி போட்டு வை. சந்தேகப்படுகிற வரிக்கு முன்னால் # போட்டால் அது ஓடாது, ஆனால் இருக்கும். நாளைக்கே எடுத்துவிட்டு பழையபடி ஓடவைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஓட்டிப் பார். அதற்கும் முன்னால் லாக் கோப்பைத் திற. புரோகிராம் தான் செய்ததையெல்லாம் அதில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கும். அவர் பெயர் எந்த மெசேஜால் உள்ளே வந்தது என்று பார்த்து எழுது.

எழுதாததற்கு மன்னிப்பு. அந்த மலையின் பெயரை எழுதவே கை வரவில்லை.

ரெனி


ஜமுனாமரத்தூர்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நகல் எடுத்துவிட்டேன். லாக் கோப்பையும் பார்த்தேன். டிசம்பர் மூன்றாம் தேதி, காலை 9.42. கம்ப்யூட்டர் நின்றுபோவதற்கு முன் வந்த கடைசி மெசேஜ். அண்ணன் ஜீப்பில் இறங்கிப்போய், உயிரோடு திரும்பாத அதே காலை. மெசேஜ் இதுதான்: "ரெனி, போய்ட்டு வர்றேன்."

இது உங்களுக்கு அனுப்பியது அக்கா. ஊரை விட்டுப் போகும்போது உங்கள் பழைய சிம்மைத்தானே ஸ்டாண்டுக்குக் கொடுத்தீர்கள். அண்ணன் போனில் உங்கள் பெயருக்கு அந்தப் பழைய எண்ணே இருந்திருக்கிறது. இறங்கிப்போகிற மனிதர் சொன்னதில் "வர்றேன்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, புரோகிராம் அவரை ஏறி வருகிறவராக்கிவிட்டது.

நேற்று நாலு வளைவு. ஸ்டாண்டில் யாரும் இதைப் பிழையாகப் பார்ப்பதில்லை. ஜீப் ஓட்டுகிற சின்னராசு மாமா முன்சீட்டில் யாரையும் உட்காரவிடுவதில்லை. டீக்கடை சாந்தம்மாள் கேட்கிறார்: "இன்னாமா வடிவு, நாலு வளைவுதானே இருக்குது, அந்தப் புள்ளக்கி சக்கரை கம்மியாத்தானே போடணும்?"

வளைவு தீர்ந்ததும் "வந்துவிட்டார்" என்று அவர் குரலிலேயே சொல்லும். அதற்குள் நிறுத்திவிடட்டுமா? உங்களைக் கேட்காமல் கை வைக்க மனம் வரவில்லை.

வர்றேன் அக்கா,
வடிவு


பெங்களூரு
2 செப்டம்பர் 2025

அன்பு வடிவு,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்.

அன்று காலை போனில் எங்களுக்குச் சண்டை. அவர் பெங்களூருக்கு வரமாட்டார், நான் மலைக்குத் திரும்பமாட்டேன். ஒவ்வொரு தடவையும் "வர்றேன் வர்றேன்" என்றே சொல்லிச் சொல்லி ஏமாற்றுகிறீர்கள், ஒரு தடவையாவது உண்மையாகப் "போறேன்"னு சொல்லிவிட்டுப் போங்கள் என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார். பதிலே சொல்லாமல் போய்விட்டார் என்று எட்டு மாதம் அவர்மேல் கோபமாக இருந்தேன். பதில் சொல்லித்தான் இருக்கிறார்.

வளைவு தீரட்டும், அந்த "வந்துவிட்டார்" என்ற குரலைக் கேட்க ஓடி வந்துவிடலாம் என்று நான்கு நாள் நினைத்தேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன் வடிவு. வேண்டாம். அவரை நடுவழியிலேயே நிறுத்தி வைத்திருப்பது நான்தான்.

அந்தப் புரோகிராமில் இரண்டே நிலைகள்: வருகிறார், வந்துவிட்டார். "போய்விட்டார்" என்று ஒரு நிலை வேண்டாமா என்று நான் கேட்டபோது, "நம்மூர்ல எவன் போறேன்னு சொல்றான்?" என்று சிரித்தார். நாமாவது வைத்திருக்க வேண்டும். நடக்காது என்று நினைப்பதற்கும் ஒரு வழி எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது நிலையாக "போய்விட்டார்" என்று சேர். ஏன் சேர்த்தாய் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுது, பின்னால் வருகிறவர்களுக்குப் புரியட்டும். அதற்கு ஒலிக்கோப்பு கிடையாது. இல்லாத ஒலியைப் புரோகிராம் சத்தமில்லாமல் தாண்டிவிடும். முதலில் ஒரு பொய்ப் பெயரில் சோதித்துப் பார். உயிரோடு இருக்கிற யார் பெயரையும் வைக்காதே.

ரெனி


ஜமுனாமரத்தூர்
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். "சோதனை" என்று அண்ணன் முன்பே ஒரு பெயரைப் பதிந்து வைத்திருந்தார்; அதை வைத்து மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் மைக் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டது. அதன் பிறகுதான் அண்ணன் பெயருக்கு நேரே "போய்விட்டார்" என்று மாற்றினேன்.

நேற்று சந்தை. ஒரே ஒரு வளைவு பாக்கி இருந்திருக்க வேண்டிய நாள். ஆறு மணிக்குச் சின்னராசு மாமா வண்டியை அணைத்துவிட்டு நின்றார். மைக் "ஜெஸ்வின்" என்றது. அப்புறம் அமைதி. சரி, முடிந்தது என்று நான் எழுந்தேன்.

அப்போது அதே குரல், "ரெனி, போறேன்" என்றது.

நான் மட்டும் கேட்கவில்லை அக்கா. சாந்தம்மாள் போட்டு வைத்திருந்த டீயை எடுத்து மண்ணில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா முன்சீட்டைத் துணியால் துடைத்து ஒரு பெண்ணை உட்காரச் சொன்னார்.

இரண்டு தரம் தேடிவிட்டேன். இருக்கிற ஒலிக்கோப்புகள் இருநூற்றுப் பதினான்கு. எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். அந்த வார்த்தை எதிலும் இல்லை. நேற்று ஆறு மணிக்கு லாக் கோப்பில் இருப்பது ஒரே வரி: "ஒலிக்கோப்பு இல்லை. தாண்டப்பட்டது."

அவர் பெயர் பட்டியலில் இப்போது இல்லை. நான் எடுக்கவில்லை.

போய்ட்டு வர்றேன் என்றால் போய்ட்டு வா என்று சொல்லிவிடலாம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம், அவருக்கே சொல்லிவிடுங்கள்.

எப்போதும் எழுதுகிற மாதிரி "வர்றேன்" என்று இந்தக் கடிதத்தை முடிக்கப் போவதில்லை.

வடிவு