வற்றிய ஓடையில் பிடித்த நண்டு

நிரூபா அப்பாவுக்கு,

போனில் சிக்னல் இல்லை, அதனால் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறேன். நண்டுக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். சட்டியோடு தூக்கிக்கொண்டு மேட்டுக் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். பிள்ளையோடும் பக்கத்து வீட்டுக்காரர்களோடும் அங்கே இருப்பேன்.

காலையில் வாளி நிறைய நண்டோடு வந்து, "ஓடையில தண்ணியே இல்ல புள்ள, கல்லப் பொரட்டிப் பொரட்டி அள்ளினேன்" என்று குதித்தீர்கள். நானும் ஆசையாக ஓட்டைக் கழற்றி, மிளகு அரைத்துப் போட்டேன். நீங்கள் நோர்வூட் டவுனுக்குப் போன பிறகு, குழம்பு கொதிக்கும்போதுதான் உறைத்தது. இப்படி விடாமல் மழை ஊற்றும்போது ஓடை எப்படி வற்றும்? மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது. தோட்ட அதிகாரி கண்டாக்கையாவிடம் சொன்னேன். "மழை விட்டதும் பாப்போம்" என்கிறார்.

போன மழைக்கு, "ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தீர்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. சிரித்துக்கொண்டாவது வந்து சேருங்கள்.

செல்வி

கதவைப் பூட்டவில்லை. உங்கள் ஸ்வெட்டரை நானே எடுத்துக்கொண்டேன்.

ஓடை மறுபடியும் சத்தம் போடுகிறது. குழம்பை விடுங்கள். உள்ளே போகாமல் ஓடி வாருங்கள்.