தவளைக்கும் மூஞ்சூறுக்கும் ஒரே குளிர்காலம்

மார்ச் 3, செவ்வாய்

சிறுவர் பத்திரிகை ஆசிரியர் மறுபடி போன் செய்தார். "தவளையும் மூஞ்சூறும் குளிர்காலத்தை எப்படித் தாண்டுதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க சார். மனசுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்." மகன் விபத்தில் போன பிறகு ஆளாளுக்கு எனக்கு மாறுதல் தேடித் தருகிறார்கள். சரி என்றேன்.

மார்ச் 5, வியாழன்

எழுதியாயிற்று. பனிக்காடுகளில் ஒரு வகைத் தவளை உண்டு. குளிர் முற்றினால் உறைந்துபோகும். மூச்சில்லை, இதயத் துடிப்பில்லை. தரையில் தட்டினால் கூழாங்கல் போலச் சத்தம் வரும். ஆனால் சாகவில்லை. மூஞ்சூறு நேர்மாறு. பனிக்கடியிலும் ஓடிக்கொண்டே, தின்றுகொண்டே இருக்கும். அரை நாள் சும்மா கிடந்தால் கதை முடிந்தது.

மார்ச் 6

எதை எழுதினாலும் முதலில் என் மனைவிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். துலக்கிய பாத்திரங்களையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள். அவன் போனதிலிருந்து கை ஓயவில்லை – பரண், அலமாரி, பக்கத்து வீட்டு வாசல்கூட. படித்து முடித்ததும் குழாயை மூடினாள்.

"அந்த மூஞ்சூறு நான்தானே?"

"சேச்சே, இது பிள்ளைங்களுக்கு எழுதினது."

"ஒரு சொட்டு அழுதீங்களா நீங்க? அவன் பேரையாவது சொன்னீங்களா? கல்லுகூட எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துறது?"

என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "உறையுறது வேற, கல்லாகுறது வேற." பாடம்! பெற்றவளிடம் போய்ப் பாடமா நடத்துவது?

"தவளைக்கு வெயில் வர்ற வரைக்கும் மூஞ்சூறு தாங்குமாங்க?" என்றாள்.

மார்ச் 8

தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 20

ஆசிரியர் போனில்: "ஒரே ஒரு சந்தேகம் சார். பனி உருகினதும் தவளைக்கு முதல்ல எது அசையும்? காலா?"

"இல்லைங்க, உள்ளேயிருந்துதான் உருகும். முதல்ல இதயம்—"

அதற்கு மேல் முடியவில்லை. அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். வாய்விட்டு அழுதேன். "சார்? சார், லைன்ல இருக்கீங்களா?"

ஏப்ரல் 21

முதல் பஸ்ஸில் போனேன். கொழுந்தியாள்தான் கதவைத் திறந்தாள். "அக்கா இப்பத்தான் ராத்திரியில ஒழுங்காத் தூங்குறா அத்தான், நேரத்துக்குச் சாப்பிடுறா. எதையும் கிளறிடாதீங்க."

இவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கைகள் மடியில் சும்மா கிடந்தன. வீங்கிய என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவா?" என்றாள்.

அவனைப் பற்றிப் பேசினேன், நிறுத்தாமல். பொறுமையாகத்தான் கேட்டாள். "நான் அழுது முடிச்சிட்டேங்க" என்றாள்.

பிறகு தேநீர் போட எழுந்தாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?"