மழை வருது மச்சான், மேல வாங்க

என் அன்பு மச்சானுக்கு,

எழுதினாலும் உங்களை வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் இதை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நேற்று அருப்புக்கோட்டையில் மழை.

நாங்கள் அதே மழைநீர்க் கால்வாயில்தான் வேலையாக இருந்தோம். ரோட்டுக்கு அடியில் சுரங்கமாகப் போய்க் கண்மாயில் விழுமே, அதுதான். இப்போது தண்ணீரை மறிக்க மணல் மூட்டை அடுக்குவதில்லை. பெரிய ரப்பர் பை ஒன்று தந்திருக்கிறார்கள். மேட்டுப் பக்கத்து வாயில் அதை நுழைத்துக் கம்ப்ரஸரால் காற்றடித்தால், உப்பிக்கொண்டு நாலு பக்கமும் இறுக அடைத்துக்கொள்ளும். நாங்கள் பலூன் என்போம். மேலே நின்று காற்றடித்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நீங்கள் உள்ளே இருந்த அன்றும் மேலே நின்றவன் நான்தானே? பலூன் தண்ணீரைத்தான் பிடிக்கும். ஆளைக் கூப்பிட வாய்தானே வேண்டும்?

மூன்று வருடமாக நெஞ்சில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தூறலில் நான் உங்களை மேலே கூப்பிடவில்லை. எட்டு மாதம் காய்ந்து கிடந்த ஊர். கையை விரித்துக்கொண்டு, "மழை மச்சான், மழை!" என்று கூத்தாடினேன். நீங்களும் உள்ளிருந்து, "பெய்யட்டும் மாப்ள, நல்லாப் பெய்யட்டும்!" என்றீர்கள். நம் ஊரில் மழைக்கு யார் பயந்திருக்கிறார்கள்? மேட்டுப் பக்கம் அதற்குள் கொட்டித் தீர்த்தது எனக்குத் தெரியாது. மூட்டைகளைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. பாவி நான்!

நேற்று உள்ளே இரண்டு பேர். கையில் ஒரு சொட்டு விழுந்ததுதான் தாமதம், "மழை வருது, மேல வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எதிரே டீக்கடை அம்மாவுக்குக் கோபம். "ஏப்பா, வார மழைய இப்பிடியா வெரட்டுவ? வாயக் கழுவு!"

ஏறி வந்தவர்களில் ஒருவன், "ரெண்டு தூத்தலுக்குப் போயி இந்தக் கத்துக் கத்துறீக?" என்று சிரித்தான். கால் மணி நேரத்தில் பலூனுக்குப் பின்னால் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். அவன் எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். பலூன் தாங்கியது. பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தண்ணீர் ஆத்திரப்படாமல் கண்மாய்க்குப் போனது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அவுக கடைசியா என்னடா சொன்னாக?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "ஒண்ணும் சொல்லலக்கா" என்று புளுகியிருக்கிறேன். நேற்று ஈரத் துணியோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"சிரிச்சுக்கிட்டா சொன்னாக?" என்றாள்.

"ஆமாக்கா."

வெளியே இன்னும் பெய்துகொண்டிருந்தது. நீங்கள் போனதிலிருந்து மழை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறவள், நேற்று சாத்தவில்லை.

மச்சான், யார் ஏசினாலும் முதல் சொட்டிலேயே கத்துவேன். உள்ளே போன கடைசி ஆளும் மேலே வந்த பிறகுதான் பெய்யட்டும் என்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அன்று கூப்பிடாமல் போன
உங்கள் மச்சினன்